தளர்ந்த முழங்காலும் உழைக்கும் மனிதனும்

மனிதனை மனிதனாக்கியதில் கைக்கு உள்ள பங்கைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். உழைப்பே கையைப் பண்படுத்தியது. பண்பட்ட கையே மேலும் உழைப்பைப் பெருக்கியது. ஆயின் கை விடுதலை பெறுவதற்கு முன்பே நிமிர்ந்த நடை தோன்றிவிட்டது என்பதை எங்கெல்ஸ் 1876ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலேயே எடுத்துக்காட்டினார். அந்த நிமிர்ந்த நடையைத் தாங்கி நிற்பது முழங்கால். கையின் புகழைப் பாடியவர்கள் முழங்காலை மறந்துவிட்டார்கள். மறந்தது இயல்பே, தன் கடமையைச் செவ்வனே செய்யும் வரையில் எந்த உழைப்பாளியையும் உலகம் திரும்பிப் பார்ப்பதில்லை அன்றோ?

தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால். பந்துக் கிண்ண மூட்டைப் போல ஒன்றுக்குள் ஒன்று ஆழப் பொருந்தி நிற்கும் மூட்டு அன்று இது. ஏறத்தாழத் தட்டையான ஒரு மேடையின்மீது இரண்டு உருண்டைகளை வைத்தாற்போன்ற அமைப்பு. அவை வழுகிவிடாமல் காப்பவை நான்கு பிணைநார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்லும் இரண்டு. இவற்றை இணையம் என்றும் பந்தகம் என்றும் தசைநார் என்றும் நூலுக்கு நூல் வேறு வேறாக வழங்குவர். எலும்போடு எலும்பைப் பிணைப்பது என்னும் பொருள் தெளிவுபெறும் பொருட்டு நாம் இங்கே பிணைநார் என்றே கூறுவோம். குறுக்குப் பிணைநார்களுள் முன்னது அறுந்துபோனால், கணைக்கால் எலும்பு முன்னோக்கி வழுகும். திரும்பும்போது முழங்கால் திடீரெனக் கைவிடும். நேர்வழியில் நடப்பவனுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றாது. வரப்பில் திரும்பும்போதும், மரத்தில் ஏறும்போதும், வள்ளத்திலிருந்து குதிக்கும்போதும் கால் தன்னுடையதன்று என்பதை அவன் உணர்வான்.

இத்தளர்ச்சிக்கு மனிதர் கண்ட பரிகாரத்தின் வரலாற்றையே இக்கட்டுரை கூறுகிறது. சத்திர சிகிச்சையின் வரலாறு என்றால் கத்தியின் வரலாறு என்று பலர் எண்ணுவர். நமக்கு முதன்மையான கேள்வி வேறு. சிகிச்சை வெற்றி பெற்றது என்று யார் சொன்னார்? எந்த வாழ்க்கையை அளவுகோலாகக் கொண்டு சொன்னார்?

*

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. நிலத்தடி நீரை நம்பியே தோட்டம் செய்தோம். நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன் துலாவே நமது நீர்ப்பாசனம். துலாவின்மீது ஏறி, முன்னும் பின்னுமாக நடந்து, தன் உடற்பாரத்தால் பட்டையை மேலே கொணர்ந்தவன் துலா மிதிப்பவன். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை ஒடுங்கிய மரத்தின்மீது அவன் நடந்த நடைக்கு முழங்காலே ஆதாரம். பனையேறும் தொழிலாளி இரு பாதங்களையும் தளைநாரால் பிணைத்து, முழங்காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, ஒரு நாளில் பல மரங்களில் ஏறி இறங்கினார். அவர் காலுக்கு வெளியே இருந்த நார் பனையிலிருந்து உரித்தது. உள்ளே இருந்த நார் உடலிலிருந்து பிறந்தது. இரண்டில் எது அறுந்தாலும் குடும்பம் பட்டினி. கரைவலை இழுத்தவர்கள் மணலில் காலைப் புதைத்துப் பின்னோக்கி நடந்தார்கள். நெல்வயலிலும் புகையிலைத் தோட்டத்திலும் பெண்கள் குந்தியிருந்தே களை பிடுங்கினார்கள், குந்தியிருந்தே சமைத்தார்கள்.

இவர்களின் கால் பிசகியபோது என்ன நடந்தது? ஊர்தோறும் முறிவு நெரிவு வைத்தியர் இருந்தார். நோவெண்ணெய் பூசினார், பத்துப் போட்டார், மட்டை வைத்துக் கட்டினார். முறிந்த எலும்பைக் கையால் தடவியே நேராக்கும் திறமை பெற்ற பரியாரிமார் தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்து வந்தனர். அவர்களின் அனுபவ அறிவை ஏளனம் செய்வது படித்தவர்களின் பழக்கமாகிவிட்டது. அது தவறு. முறிந்த எலும்பு அசையாமல் வைத்தால் பொருந்தும். பக்கப் பிணைநாரின் காயமும் பெரும்பாலும் ஓய்வினால் ஆறும். ஆகவே பல வேளைகளில் அவர்களின் கட்டுப் பலித்தது. அறுந்த முன் குறுக்குப் பிணைநாரோ எளிதில் ஒட்டுவதில்லை. மூட்டினுள் உள்ள நீர், அறுந்த நுனிகளை இணைக்க வேண்டிய இரத்தக் கட்டியை நிலைக்கவிடாது. எண்ணெயின் மீதும் கட்டின் மீதும் குறையில்லை. கை எட்டாத ஆழத்தில் நோய் இருந்தது. அந்த ஆழத்தை எட்ட ஐரோப்பிய வைத்தியமும் நெடுங்காலம் தடுமாறியது. எடின்பரோவைச் சேர்ந்த ஸ்டார்க் என்னும் வைத்தியர் 1850இல் வெளியிட்ட குறிப்பில், அவரும் இத்தகைய முழங்காலை மாதக்கணக்கில் அசையாது கட்டி வைத்ததையே காண்கிறோம். அக்காலத்தில் எடின்பரோவுக்கும் நமது ஊர்ப் பரியாரியாருக்கும் இடையே இவ்விடயத்தில் பெரிய தூரம் இருக்கவில்லை.

*

ஸ்டார்க் எழுதிய அதே காலப்பகுதியில் மானிப்பாயில் ஓர் அமெரிக்கர் வைத்தியம் செய்துகொண்டிருந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் இருந்து பணி செய்தவர். மதப் பிரசாரத்துக்காக வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வந்த நோக்கம் எதுவாயினும், செய்த வேலையின் ஒரு பகுதி அந்நோக்கத்தை விடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. தமிழ் மாணவர்களுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று அவர் நம்பினார். நம்பியதோடு நில்லாமல் செய்து காட்டினார். ஆங்கிலம் கற்ற வைத்தியன் ஊரை விட்டு நகரத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் போய்விடுகிறான். தமிழில் கற்றவன் தன் மக்களிடையே இருப்பான் என்பது அவர் கண்ட உண்மை. தம் மாணவர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. கவிஞர் அம்பி அவர்கள் இப்பணியைத் தேடித் தொகுத்து எழுதியிராவிடில் நம்மிற் பலருக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

கிறீனும் அவருடைய மாணவரும் தமிழாக்கிய நூல்களுள் ஒன்று ‘இரண வைத்தியம்’. டுறூயிற் என்னும் ஆங்கிலேயர் எழுதிய சத்திர சிகிச்சை நூலின் தமிழ் வடிவம் அது. வெளிவந்த ஆண்டு 1867. அதே 1867இல்தான் லிஸ்டர், காயத்தில் சீழ் பிடிக்காமல் காக்கும் தமது முறையை உலகுக்கு அறிவித்தார். இந்த ஒற்றுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். லிஸ்டருக்கு முன் முழங்கால் மூட்டைத் திறப்பது மரணத்துக்குக் கதவு திறப்பதாகும். சீழ் பிடித்தால் காலை வெட்ட வேண்டும், அல்லது ஆளை இழக்க வேண்டும். நவீன சத்திர சிகிச்சை பிறந்த அந்த வேளையில், அதைப் பெற்றுக்கொள்ளத் தமிழ்மொழி தயாராகவே நின்றது.

பின் நடந்தது என்ன? 1870இல் கொழும்பு வைத்தியப் பாடசாலை ஆங்கிலத்தில் தொடங்கியது. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். 1884இல் இறக்கும் வரை அங்கிருந்தும் தமிழ் நூல்களுக்காக உழைத்தார். ஆனால் அரசாங்கத்தின் சம்பளமும் பதவியும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. தமிழில் வைத்தியம் கற்பிக்கும் முயற்சி படிப்படியாக ஒடுங்கிற்று. மொழிக்கு ஆற்றல் இல்லாமையினால் அது அழியவில்லை. அதிகாரம் அதன் பக்கம் இல்லாமையினால் அழிந்தது. இதன் விளைவு வெறும் நூலகத்தோடு முடிவதன்று. வைத்தியர் ஒரு மொழியிலும் நோயாளி வேறொரு மொழியிலும் முழங்காலைப் பற்றி எண்ணும் நிலை அன்றே தொடங்கியது.

*

குறுக்குப் பிணைநாரைத் தைத்த முதற் சத்திர சிகிச்சை 1895 நவம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடந்தது என்பர். செய்தவர் மேயோ றொப்சன். சிகிச்சை பெற்றவர் 41 வயதுடைய ஒரு சுரங்கத் தொழிலாளி. மண் சரிந்து விழுந்ததில் அவரது முழங்கால் சிதைந்தது. 36 வாரங்களாக அத்தளர்ச்சியோடு வாழ்ந்தார். றொப்சன் மூட்டைத் திறந்து, அறுந்து கிடந்த இரு குறுக்குப் பிணைநார்களையும் உரிய இடத்தில் தைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து அம்மனிதரை மீண்டும் பார்த்தபோது, நொண்டாமல் நடந்தார். கால் பலமாக இருப்பதாகத் தாமே கூறினார். 1903இல் றொப்சன் இதை வெளியிட்டார்.

வைத்திய நூல்கள் இந்நிகழ்ச்சியைத் தொழில்நுட்பத்தின் தொடக்கமாகக் குறிப்பிடுகின்றன. நாம் வேறு இரண்டு செய்திகளைக் கவனிக்க விரும்புகிறோம்.

முதலாவது, அந்தத் தொழிலாளி வாழ்ந்த காலம். யோர்க்ஷயர் நிலக்கரிப் பகுதியில் 1893இல் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளர்மீது ஃபெதர்ஸ்டன் என்னும் ஊரில் இராணுவம் சுட்டது; இருவர் மாண்டனர். வேலையில் காயமுற்றவனுக்கு, முதலாளியின் குற்றத்தை நிரூபிக்காமலே நட்டஈடு பெறும் உரிமையைத் தந்த சட்டம் இங்கிலாந்தில் 1897இல்தான் வந்தது. ஆகவே 1895இல் முழங்கால் இழந்த சுரங்கத் தொழிலாளிக்கு முன்னால் இரண்டு பாதைகளே இருந்தன: கால் திருந்தி மீண்டும் சுரங்கத்துக்குப் போவது, அல்லது தர்மத்தை நம்புவது. இத்தகைய நட்டஈட்டுச் சட்டம் இலங்கைக்கு 1934இல் வந்தது. அதுவும் வேலைகொள்வோர் என்று ஒருவர் இருந்தால் மாத்திரமே பயன் தரும். தன் தளைநாரும் தன் கத்தியுமாக மரம் ஏறியவருக்கு, தன் வலையோடு கடலுக்குப் போனவருக்கு, அச்சட்டம் எட்டாத பொருளாகவே இருந்தது.

இரண்டாவது, வெற்றியின் அளவுகோல். றொப்சனிடம் கதிர்ப்படமும் இல்லை, புள்ளிவிபரமும் இல்லை. அவரிடம் இருந்தவை தமது கண்ணும் தொழிலாளியின் வாய்ச்சொல்லும் ஆறு ஆண்டுப் பொறுமையுமே. ஒரேயொரு நோயாளியைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பது உண்மை. ஆயினும் நடக்கிறாயா, கால் தாங்குகிறதா என்று நோயாளியையே கேட்டு, காலம் சென்றபின் கேட்டு, விடையை எழுதி வைத்த அந்தப் பழக்கம் மதிக்கத்தக்கது. பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் பலர் அதை மறந்தனர்.

*

முதலாம் உலகப் போர் முழங்கால்களைக் குவியல் குவியலாகச் சிதைத்தது. அப்போரின் சத்திர வைத்தியர்களுள் ஒருவரான பிறிஸ்டலின் ஹே குரோவ்ஸ், அறுந்த நாரைத் தைப்பது போதாது, புதிய நார் ஒன்றையே அமைக்க வேண்டும் என்றார். தொடையின் வெளிப்புறத்து உறுதியான சவ்வுப் பட்டையை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய பிணைநாரின் வழியே செலுத்தினார். 1917இலும் 1920இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகளின் அடிப்படை எண்ணம் இன்றும் மாறவில்லை. இன்று பட்டைக்குப் பதிலாக முழங்காற் சில்லின் கீழுள்ள தசைநாணையோ தொடையின் பின்புறத்துத் தசைநாணையோ எடுக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நோயாளி மாறினார். சுரங்கத் தொழிலாளியும் போர்வீரனும் இருந்த இடத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட வீரன் வந்து அமர்ந்தான். 1950இல் ஓடனஹியூ என்னும் அமெரிக்க வைத்தியர், விளையாட்டு வீரரின் காயத்தை உடனே திறந்து தைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அதன் பின் முழங்கால் சிகிச்சை விளையாட்டு வைத்தியத்தின் செல்லப்பிள்ளையாயிற்று. இதனால் கலை வளர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் எங்கே பாய்கிறதோ அங்கே ஆராய்ச்சியும் பாய்கிறது. ஆனால் ஆராய்ச்சியின் கேள்விகளும் அப்பணத்தின் சாயலைப் பெற்றன.

உடனே தைக்கும் முறையின் முடிவு என்ன? அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரி மாணவரிடையே செய்யப்பட்ட சிகிச்சைகள் முதலில் நம்பிக்கை ஊட்டின. ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது பெரும்பாலோரின் முழங்கால் மீண்டும் தளர்ந்திருந்தது. 1976இல் பீகினும் கேளும் இதை ஒளிக்காமல் வெளியிட்டனர். தமது தோல்வியை அச்சிற் பதிப்பது விஞ்ஞானத்தின் உயர்ந்த ஒழுக்கம். அந்த ஒரு கட்டுரை பல்லாயிரம் முழங்கால்களை வீண் சிகிச்சையிலிருந்து காத்தது. இதற்கு நேர் மாறானது 1980களில் கடைச்சரக்காக வந்த செயற்கை நார்களின் கதை. கரிம இழை, டேக்ரன், கோர்டெக்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தசைநாணை வெட்டி எடுக்க வேண்டாம், விரைவில் ஓடலாம் என்றனர் விற்றவர்கள். சில ஆண்டுகளில் அவை தேய்ந்து அறுந்தன. துகள்கள் மூட்டை வீங்கச் செய்தன. அவசரப்பட்டுச் சந்தைக்கு வந்த பொருளைச் சோதிக்கும் களமாக நோயாளியின் உடலே அமைந்துவிட்டது.

இவ்வரலாற்றில் ஆசியாவின் பங்கு ஒன்று உண்டு; அதை நாம் கூறாவிடின் வேறு யார் கூறுவார்? முழங்காலைப் பெரிதாக வெட்டாமல், சிறு துளையின் வழியே குழாய் செலுத்திப் பார்க்கும் முறைக்கு வழிகாட்டியவர்களுள் முதல்வர் ஜப்பானியரான கென்ஜி தக்காகி. 1918இல் டோக்கியோவில் பிணத்தின் முழங்காலுக்குள் அவர் பார்த்தார். காசநோயினால் முழங்கால் விறைத்துப் போவது, தரையில் மடிந்து அமரும் மக்களுக்குப் பெருந்துன்பம்; அத்துன்பமே அவரைத் தூண்டியது. அவர் மாணவர் மசாக்கி வத்தனபே 1950களில் அக்கருவியைச் செம்மைப்படுத்தினார். அவ்வழியில் இங்கிலாந்தின் டேவிட் டண்டி 1980இல் குறுக்குப் பிணைநாரையே மாற்றியமைத்தார். தரையில் அமரும் ஒரு மக்களின் தேவையிலிருந்து பிறந்த கருவி உலகத்துக்குப் பொதுவாயிற்று.

*

இனி அளவுகோலுக்கு வருவோம். 1980களில் சுவீடன் நாட்டு வைத்தியர்கள் முழங்காலுக்குப் புள்ளியிடும் முறையை வகுத்தனர். லிசோமும் டெக்னரும் 1985இல் வெளியிட்ட அட்டவணையில் மொத்தம் 100 புள்ளிகள். வலிக்கு 25, தளர்ச்சிக்கு 25, மூட்டுப் பூட்டிக்கொள்வதற்கு 15, வீக்கத்துக்கும் படியேறுவதற்கும் பத்துப் பத்து. குந்தியிருப்பதற்கு எத்தனை? வெறும் ஐந்து.

நாற்காலியில் உண்டு, நாற்காலியில் எழுதி, நாற்காலியைப் போன்ற மலசலகூடத்தைப் பயன்படுத்தும் நாட்டுக்கு அந்த ஐந்து போதும். களை பிடுங்குபவளுக்கு, வலை பொத்துபவருக்கு, ஓலை பின்னுபவளுக்கு அது வாழ்வின் பாதி. முற்றாகக் குந்த முடியாத ஒருவர் அவ்வட்டவணையில் 95 புள்ளி பெற்று மிகச் சிறந்த வெற்றி என்று பதியப்படலாம். தோட்டத்தில் அவர் தோல்வியாகவே நிற்பார்.

அதே வைத்தியர்கள் செயற்பாட்டுக்கு என்று மற்றோர் ஏணியும் வகுத்தனர். பூச்சியம் முதல் பத்து வரை அதற்குப் படிகள். உச்சியான பத்தாம் படியில் தேசிய, சர்வதேச உதைபந்தாட்ட வீரர் நிற்கிறார். கட்டிட வேலை, காட்டு மரவேலை முதலிய கடும் உழைப்பு ஐந்தாம் படியில் நிற்கிறது. முழங்கால் முறுக்குண்ணும் அளவை மட்டுமே அந்த ஏணி அளக்கிறது, மனிதரின் மதிப்பை அளக்கவில்லை என்று அதற்காக வாதாடலாம். அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் பனையேறுதல் எந்தப் படியில் நிற்கும்? துலா மிதித்தல் எந்தப் படி? கரைவலை எந்தப் படி? அவற்றை வகுத்தவர்கள் அறியாத உழைப்பு அவற்றில் இடம்பெறவில்லை, அவ்வளவே.

1998இல் லுண்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் ஏவா ரூஸ் முதலானோர், வைத்தியரின் கருத்தை விடுத்து நோயாளியே விடையெழுதும் வினாக்கொத்தைத் தந்தனர். இது பெரிய முன்னேற்றம். றொப்சனின் தொழிலாளிக்கு மீண்டும் வாய் கிடைத்தது எனலாம். ஆனால் அதிலும் ஒரு செய்தி நம் கண்ணை உறுத்துகிறது. குந்துவதும் முழந்தாளிடுவதும் அவ்வினாக்கொத்தில் நாளாந்த வாழ்வு என்ற பகுதியில் இல்லை. ஓட்டத்தோடும் துள்ளலோடும் சேர்ந்து விளையாட்டும் பொழுதுபோக்கும் என்ற பகுதியில் இருக்கின்றன! நமது தாய்மார் அடுப்பங்கரையில் குந்தியிருந்ததெல்லாம் பொழுதுபோக்குத்தானோ?

*

அளவுகோலின் குறையை மனத்திற் கொண்டு, சிகிச்சையின் பயனைப் பற்றி இன்று தெரிந்தவற்றைப் பார்ப்போம். 2010இல் சுவீடனில் ஒரு நேர்மையான பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. பிணைநார் புதிதாக அறுந்த 121 இளைஞரை இரு கூறாக்கினர். ஒரு சாராருக்கு உடனே சத்திர சிகிச்சையும் உடற்பயிற்சியும். மறு சாராருக்கு முதலில் உடற்பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பின்னர் கத்தி. இரண்டு ஆண்டுகளின் முடிவில் இரு சாராரின் முழங்கால்களும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. பின்னைய சாராருள் 59 பேரில் 23 பேரே அதற்குள் சத்திர சிகிச்சையை நாடினர். ஐந்து ஆண்டுகளில் அத்தொகை பாதியளவாயிற்று.

இதிலிருந்து கத்தியே வேண்டாம் என்று முடிவு கட்டுவது அவசரம். 2022இல் பிரித்தானியாவில் 316 பேரிடம் நடந்த பரிசோதனை வேறொன்றைக் காட்டியது. அவர்கள் காயம் பட்டு நாட்சென்று, தளர்ச்சி நீங்காமல் அவதிப்பட்டவர்கள். அவர்களுக்குப் பயிற்சியை மட்டும் அளிப்பதை விடச் சத்திர சிகிச்சையே கூடிய பயன் தந்தது. இரண்டையும் சேர்த்து நோக்கினால் பாதை தெளிவாகிறது. புதிதாக அறுந்தவருள் பலருக்குப் பயிற்சியோடு தொடங்கலாம். முழங்கால் தொடர்ந்து கைவிட்டால் கத்தியை நாட வேண்டும். எந்தப் பாதையானாலும் பயிற்சி இல்லாமல் கரையேற முடியாது.

சத்திர சிகிச்சை பெற்ற விளையாட்டு வீரரிற் கூட, போட்டிக் களத்துக்கு மீண்டவர் நூற்றுக்கு 55 பேரே என்று 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டனர். ஒன்பது மாதத்துக்கு முன் களத்துக்குத் திரும்புவோருக்கு மீண்டும் அறும் ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. பிற்காலத்தில் மூட்டுத் தேய்வு வருவதைச் சத்திர சிகிச்சை தடுக்கும் என்ற நம்பிக்கையும் இன்றுவரை நிறுவப்படவில்லை.

ஒன்பது மாதம் என்பதை நமது உழைப்பாளியிடம் சொல்லிப் பாருங்கள். கழகத்தில் விளையாடும் வீரனுக்கு ஒன்பது மாதம் ஒரு பருவ இழப்பு. கள்ளிறக்குபவருக்கு அது ஒரு பருவத்தின் முழு வருமானம். கூலிக்குத் தோட்டம் கொத்துபவருக்கு ஒன்பது மாதக் கடன். தையல் பிரித்த மறுவாரமே அவர் வேலைக்குப் போவது அறியாமையினாலா? அடுப்பு எரிய வேண்டும் என்பதனால் அன்றோ?

*

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி 1850இல், துன்புற்றோருக்கு உதவும் சங்கம் ஒன்றின் முயற்சியால், அரசாங்க அதிபர் டைக்கின் ஆதரவோடு பிறந்தது. 1907இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது போதனா வைத்தியசாலையாயிற்று. இலவச வைத்தியம் என்னும் உரிமையின் நிழலில், ஏழையின் முழங்காலும் அங்கே ஒரு சதமும் கொடாமல் சிகிச்சை பெற முடிந்தது. இவ்வுரிமையைச் சிறிதாக எண்ணுவோர் செல்வந்த நாடுகளின் வைத்தியக் கட்டணத்தைச் சற்றே விசாரித்து அறிய வேண்டும்.

போர் அந்த மனையையும் விடவில்லை. 1987 ஒக்டோபர் 21இல் இந்திய இராணுவம் வைத்தியசாலைக்குள் புகுந்து நடத்திய கொலையில் வைத்தியரும் தாதியரும் நோயாளருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்வந்த ஆண்டுகளில் மருந்துகளுக்குத் தடை, மின்சாரம் இல்லை, எறிகணையும் மிதிவெடியும் கால்களைத் தின்றன. பிணைநாரைப் பற்றி எண்ண எவருக்கு நேரம் இருந்தது? முழங்காலைக் காப்பாற்றி அதற்குக் கீழே வெட்ட முடியுமா என்பதே அன்று சத்திர வைத்தியரின் கேள்வி. முழங்கால் எஞ்சினால் பொய்க்காலோடு நன்றாக நடக்கலாம். அது போனால் நடையே பெரும்பாடு.

அந்த இருட்டில் ஒரு விளக்கு எரிந்தது. 1968 அளவில் இந்தியாவின் ஜெய்ப்பூரில், அதிகம் பள்ளிப்படிப்பு இல்லாத கைவினைஞர் ராம் சந்திராவும் வைத்தியர் சேதியும் சேர்ந்து ஒரு பொய்க்கால் அமைத்தனர். மேலைநாட்டுப் பொய்க்கால் சப்பாத்துக்குள் வைப்பதற்கென்று செய்யப்பட்டது. ஜெய்ப்பூர்க் காலோ வெறுங்காலோடு வயலில் நடக்கவும், குந்தவும், சம்மணமிடவும், மரமேறவும் இடந்தருமாறு செய்யப்பட்டது. போர் கொதித்த 1987இல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் தோன்றியது. கால் இழந்த பலரை மீண்டும் நடக்கவும் உழைக்கவும் வைத்தது. நோயாளி எப்படி வாழ்கிறார் என்ற கேள்வியை முதலில் வைத்து, விடையைப் பின்னர் செய்தார்கள். தக்காகியின் வழியும் அதுவே. வேண்டியவருக்கு வேண்டிய வடிவில் அறிவைச் செய்து கொடுப்பதே அறிவின் மக்கள்மயம்.

*

இன்று போர் ஓய்ந்து பல ஆண்டுகள் சென்றுவிட்டன. துலாவும் மறைந்துவிட்டது, மரமேறுவோர் குறைந்துவிட்டனர். முழங்கால் அறுவது மட்டும் குறையவில்லை. உதைபந்தாட்ட மைதானங்களிலும் தாச்சி மறிக்கும் முற்றங்களிலும் இளைஞர் காலை முறுக்கி விழுகின்றனர். மோட்டார் சைக்கிள் விபத்துகள் மேலும் பல முழங்கால்களைச் சிதைக்கின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டினால் நாடெங்கும் சத்திர சிகிச்சைகள் தள்ளிப்போனதையும் கண்டோம். நெருக்கடி வந்தால் முதலில் தள்ளிப்போவது உயிருக்கு ஆபத்தில்லாத சிகிச்சை. உயிருக்கு ஆபத்தில்லாதது பிழைப்புக்கு ஆபத்தானது என்பதைக் கணக்கிடும் பேரேடு எங்கும் இல்லை.

நாம் வேண்டுவது பெரிதன்று. கத்தி பிடிக்கும் கைகள் நம்மிடம் உண்டு. கத்திக்குப் பின் வரும் ஒன்பது மாதத்தைத் தாங்கும் ஏற்பாடே வேண்டும். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் இயன்மருத்துவம் தாராளமாகக் கிடைக்க வேண்டும். நெடுந்தீவில் உள்ளவர் ஒரு மணி நேரப் பயிற்சிக்காகப் படகேறிக் குறிகாட்டுவானுக்கு வந்து, பின் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போவது எத்தனை வாரம் நடக்கும்? முதலாளி இல்லாத உழைப்பாளிக்கும் காயக்காலத்தில் கைகொடுக்கும் நிதியைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே அமைக்கலாம். சிகிச்சை பெற்றவரை ஓர் ஆண்டிலும் ஐந்து ஆண்டிலும் தேடிச் சென்று கேட்க வேண்டும். கேட்கும் வினாக்கொத்து தமிழில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாக மட்டும் இராமல், களை பிடுங்க முடிகிறதா, வள்ளத்தில் ஏற முடிகிறதா, கோயில் வீதியில் அங்கப்பிரதட்சணம் செய்து எழ முடிகிறதா, முழந்தாளிட்டுச் செபிக்க முடிகிறதா, தொழுகையில் அமர முடிகிறதா என்று நம் வாழ்வைக் கேட்பதாக இருக்க வேண்டும்.

இப்பணி வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கும் விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கும் இதில் வேலை இருக்கிறது. 1867இல் ஒரு சத்திர சிகிச்சை நூலைத் தாங்கிய மொழிக்கு இன்று சில பக்க வினாக்கொத்தைத் தாங்க முடியாதா? சுரங்கத் தொழிலாளியின் வாய்ச்சொல்லில் தொடங்கிய வரலாறு இது. நமது உழைப்பாளியும் தன் மொழியில், தன் வேலையைச் சொல்லி, கால் தாங்குகிறது என்று கூறும் நாளில்தான் சிகிச்சை வெற்றி என்று நாம் எழுதலாம்.